மூன்று வாரமாக விடாத காய்ச்சல்: நீலகிரியில் விடையை எங்கே தேடுவது?

நீலகிரியில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் பழி முதலில் குளிரின் மேல்தான் விழும். மழையில் நனைந்தது, பனியில் கொழுந்து எடுக்கப் போனது, கீழே கோயம்புத்தூர் போய் வந்தது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏதாவது ஒன்றைச் சொல்வோம். நாலைந்து நாளில் இறங்கிவிடும் காய்ச்சலுக்கு இப்படி எதைச் சொன்னாலும் நஷ்டமில்லை. பெரும்பாலும் அது வைரஸ் காய்ச்சலாக இருக்கும். ஓய்வெடுத்து, நன்றாகச் சாப்பிட்டு, தேவைப்பட்டால் பாராசிட்டமால் போட்டால் தானாகவே போய்விடும். ஆனால் மூன்றாவது வாரத்திலும் சாயங்காலமானால் உடம்பு கொதிக்கிறது, எடுத்த ரத்தப் பரிசோதனைகளில் எதுவும் பிடிபடவில்லை என்றால், அங்கே குளிரைச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சலைக் குளிர் உண்டாக்காது. காரணம் வேறெங்கோ இருக்கிறது, அதைத் தேட வேண்டும்.

இந்த வகைக் காய்ச்சலுக்கு மருத்துவத்தில் தனி வரையறையே உண்டு. பீட்டர்ஸ்டார்ஃப், பீசன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1961ல் இப்படிப்பட்ட 100 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பல முறை 101 டிகிரியைத் தாண்ட வேண்டும், மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், மருத்துவமனையில் ஒரு வாரம் வைத்துச் சோதித்தும் காரணம் தெரியாமல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த அளவுகோல். 1991ல் டுராக், ஸ்ட்ரீட் இருவரும் அதைத் திருத்தினார்கள். மருத்துவமனையில் மூன்று நாள், அல்லது வெளிநோயாளியாக மூன்று முறை பார்த்தும் தெரியவில்லை என்றாலே போதும் என்றார்கள். முதல் ஆய்வின் 100 பேரில் 36 பேருக்குத் தொற்றும், 19 பேருக்குப் புற்றுநோயும் காரணமாக இருந்தன. அன்றிலிருந்து இன்றுவரை மாறாத ஒரு பாடம் இதில் உண்டு. இப்படிப்பட்ட காய்ச்சலுக்குப் பின்னால் கேள்விப்படாத நோய் ஒளிந்திருப்பது குறைவு. நமக்குத் தெரிந்த நோயே வழக்கமான அறிகுறிகளைக் காட்டாமல் வந்திருப்பதுதான் அதிகம்.

அதனால்தான் மலையில் நோயாளியின் அன்றாடத்தைக் கேட்பது இன்னொரு ஆன்டிபயாடிக்கைவிடப் பயன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் எந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறார், புல் அறுக்கவோ விறகு எடுக்கவோ எங்கே போனார், கடந்த சில மாதங்களில் எந்த ஊருக்குப் போய் வந்தார், வீட்டில் ஆடு மாடு உண்டா, பாலைக் காய்ச்சித்தான் குடிக்கிறாரா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா? இதைக் கேட்க கால் மணி நேரம் ஆகும். நடப்பது வேறு. முதலில் மெடிக்கலில் நாலு மாத்திரை, அப்புறம் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஓர் ஊசி, பிறகு குன்னூரிலோ கூடலூரிலோ ஒரு கிளினிக், கடைசியில் கடன் வாங்கிக்கொண்டு மலையிறங்கி கோவை. ஒவ்வொரு இடத்திலும் கதை புதிதாகத் தொடங்குகிறது. முன்பு என்ன மருந்து கொடுத்தார்கள் என்பது யாருக்கும் தெரிவதில்லை. நாள் கூலிக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும், சீக்கிரம் சரியாகும் என்று யார் சொன்னாலும் அங்கே போகத்தான் செய்வார்கள்.

முதலில், காய்ச்சல்தானா?

உடம்பு சூடாக இருப்பதாகத் தோன்றுவதும் காய்ச்சலும் ஒன்றல்ல. ஊட்டியில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. நாக்குக்கடியில் வைத்துப் பார்ப்பதானால், சூடான டீ குடித்து கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அக்குளில் வைத்தால் அளவு ஏறக்குறைய ஒரு டிகிரி பாரன்ஹீட் குறைவாகக் காட்டும். எல்லோருக்குமே காலையைவிட மாலையில் உடல் வெப்பம் சற்று அதிகமாக இருக்கும். 99, 99.5 என்று மாலையில் காட்டுவதைக் கண்டு மாதக்கணக்கில் பயந்துகொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். எடை குறையவில்லை, சாப்பாடு இறங்குகிறது, அடிப்படைப் பரிசோதனைகள் சரியாக இருக்கின்றன என்றால், அது பெரும்பாலும் அவர்களுடைய இயல்பான ஏற்ற இறக்கம்தான்.

100.4க்கு மேல் போனால் குறித்து வையுங்கள். ஒரு பழைய நோட்டு போதும். காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி என்று மாத்திரை போடுவதற்கு முன்னால் அளந்து எழுத வேண்டும். மாத்திரை போட்ட நேரம், குளிர் நடுக்கம் வந்ததா, வேர்த்து நனைந்ததா என்பதையும் பக்கத்தில் குறிக்கலாம். வாரம் ஒருமுறை எடை. ஒரு வாரத்துக் குறிப்பு கையில் இருந்தால் மருத்துவர் முன்னால் 'விட்டு விட்டு வருதுங்க' என்பதற்கு மேல் ஏதாவது சொல்ல முடியும்.

தேயிலைச் செடிக்கடியில் இருப்பது

இந்த மலையில் விடாத காய்ச்சல் என்றதும் முதலில் நினைவுக்கு வர வேண்டியது ஸ்க்ரப் டைபஸ். செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது இதைத்தான். மாட்டின் மேல் பார்க்கிற உண்ணி அல்ல இது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய ஒரு பூச்சியின் இளம்பருவம். புதரும் புல்லும் மண்டிய ஓரங்களில், எலிகள் நடமாடும் இடங்களில் இருக்கும். கடித்தால் வலிக்காது, அட்டை கடித்தது போல ரத்தமும் வராது. அதன் வழியாக ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா உடம்புக்குள் போகிறது. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி. தமிழ்நாட்டில் மழைக்குப் பிறகு வரும் குளிர் மாதங்களில்தான் இது அதிகம். களை எடுக்கிற, கவாத்து செய்கிற, காய்கறித் தோட்டத்தில் குனிந்து வேலை செய்கிற யாருக்கும் வரலாம்.

கடித்த இடத்தில் பல பேருக்கு ஓர் அடையாளம் இருக்கும்: சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருத்த பொருக்கு, சுற்றிலும் லேசான சிவப்பு. வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில், பாவாடை நாடாவோ பெல்ட்டோ அழுத்தும் இடுப்பு, தலைமுடிக்குள் என்று மறைவான இடங்களில்தான் அதிகம் இருக்கும். கொழுந்து பறிப்பதில் பெரும்பாலோர் பெண்கள். ஆண் மருத்துவர் முன்னால், பக்கத்தில் நாலு பேர் நிற்கும் ஓர் அறையில், இந்த இடங்களை யார் காட்டுவார்கள்? நோயைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு அங்கேயே நழுவிப் போகிறது. பெண் செவிலியரை வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. இல்லையென்றால் வீட்டில் அம்மாவோ அக்காவோ மகளோ நல்ல வெளிச்சத்தில் உடம்பு முழுக்க ஒருமுறை பார்த்துவிட்டு, கண்டதை மருத்துவரிடம் சொல்லலாம்.

பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. தட்டணுக்கள் குறையும், கல்லீரல் பரிசோதனையில் அளவுகள் ஏறும். அதனால் டெங்கு என்றோ மஞ்சள் காமாலை என்றோ தவறாக எண்ணவும் வாய்ப்பு உண்டு. ஐஜிஎம் எலைசா என்ற ரத்தப் பரிசோதனை உதவும். ஆனால் முதல் சில நாளில் எடுத்தால் அது ஒன்றும் காட்டாமல் போகலாம். சிகிச்சை டாக்சிசைக்ளின், விலை குறைந்த மருந்து. சரியான நேரத்தில் கொடுத்தால் பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். அமாக்சிசிலின் மாத்திரையும் செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் இந்தக் கிருமியிடம் எடுபடாது. 'பத்து ஊசி போட்டும் இறங்கலை' என்று வருகிறவர்களைப் பார்த்தால் இந்த நோயை நினைக்க வேண்டும் என்பது இதனால்தான். கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். மோசமான நிலைக்குப் போனவர்களுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தலைமையில் நடந்த ஆய்வு 2023ல் காட்டியது. காரணம் தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாது என்ற விதிக்கு இது ஒரு விலக்கு. அறிகுறிகள் பொருந்தினால், ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் மருத்துவர் டாக்சிசைக்ளினைத் தொடங்குவதே சரி.

மசினகுடி, முதுமலைப் பக்கம் காட்டை ஒட்டி வாழ்பவர்கள் குரங்குக் காய்ச்சலையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1957ல் கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில் கண்டறியப்பட்ட இந்த நோய், நமக்கு அடுத்துள்ள வயநாடு, பந்திப்பூர் வரை வந்திருக்கிறது. உண்ணி வழியாகப் பரவும் வைரஸ் இது. சிலருக்குக் காய்ச்சல் விட்டு, ஓரிரு வாரம் கழித்து இரண்டாம் முறை வரும். காட்டில் குரங்குகள் செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மலையில் மலேரியா வராதா?

வராது என்று நினைத்தவர்கள் முன்பும் இருந்தார்கள். மலேரியாவை ஆராய்ந்துகொண்டிருந்த ரொனால்ட் ராஸ் 1897ல் ஊட்டிப் பக்கம் வந்து, மலேரியாவில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1902ல் நோபல் பரிசு வந்தது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருப்பது உண்மை, ஆனால் கூடலூரும் மசினகுடியும் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர்தான். அது தவிர, நோய் மனிதரோடு பயணம் செய்யும். வட மாநிலங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வருகிறவர்கள், வெளியூர் கட்டட வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறவர்கள் என யாருக்காவது காய்ச்சல் என்றால் ரத்தத்தடவல் பரிசோதனை கட்டாயம். வைவாக்ஸ் வகை மலேரியா கல்லீரலில் பதுங்கியிருந்து பல மாதம் கழித்துத் திரும்ப வரும். 'ஊரிலிருந்து வந்து ஆறு மாசம் ஆச்சே' என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

இந்தியாவில் வாரக்கணக்கில் இழுக்கும் காய்ச்சலுக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். அதிலும் நுரையீரலுக்கு வெளியே இருக்கும் காசநோய். இருமல் இருக்காது, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், சளியில் ஒன்றும் வராது. கழுத்து நெறிகட்டி, முதுகெலும்பு, வயிறு, மூளையுறை, எலும்பு மஜ்ஜை என்று எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, மெலிந்துகொண்டே போவது என்றால் 'இருமல் இல்லையே' என்று விட்டுவிடாமல் தேட வேண்டும். நெறிகட்டியிலிருந்தோ, கோத்திருக்கும் நீரிலிருந்தோ மாதிரி எடுத்து, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்பலாம். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சை நடக்கும் மாதங்களில் சத்துணவுக்காக 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. ஒரு எச்சரிக்கை: லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகள் காசநோயைத் தற்காலிகமாக அடக்கி, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். காய்ச்சலுக்கு என்று கடையில் அவற்றை வாங்கி விழுங்குவது எவ்வளவு கெடுதல் என்று எத்தனை முறை சொன்னாலும் தகும்.

டைபாய்டு பற்றி ஒரு வார்த்தை. வைடால் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஏதோ ஓர் எண் கூடுதலாக இருப்பதைப் பார்த்து 'லேசா டைபாய்டு இருக்கு' என்று சொல்லி இரண்டு வாரம் மருந்து கொடுப்பது நம் ஊர்களில் சாதாரணம். டைபாய்டு பரவலாக உள்ள நாட்டில் நோயே இல்லாதவருக்கும் அந்த எண் கூடுதலாக இருக்கும். வேறு காய்ச்சல்களிலும் ஏறும். ஒரே ஒரு வைடாலை வைத்து டைபாய்டு என்று முடிவு செய்யக் கூடாது. ஆன்டிபயாடிக் தொடங்குமுன் எடுக்கும் ரத்தக் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைதான் உறுதியான ஆதாரம். அதே கல்ச்சர்தான் இதய வால்வில் ஏற்படும் தொற்றையும் காட்டிக்கொடுக்கும். சிறுவயதில் மூட்டுவாதக் காய்ச்சல் வந்து வால்வு பாதிக்கப்பட்டவர்கள் காய்ச்சல் என்று போனால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு வெவ்வேறு இடத்தில் ஊசி போட்டு மூன்று முறையாவது ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புவார்கள், இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவும் பார்ப்பார்கள்.

ஆடு, மாடு, எருமை வளர்ப்பவர்களுக்கும் பச்சைப் பால் குடிப்பவர்களுக்கும் புரூசெல்லா என்ற தொற்று வரலாம். ஏறி இறங்கும் காய்ச்சல், இடுப்பு முதுகு வலி, அளவில்லாத சோர்வு. இதற்குக் குறைந்தது ஆறு வாரம் இரண்டு மருந்து சேர்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும். சந்தேகம் இருந்தால் ஆய்வகத்துக்குச் சொல்லிவிட வேண்டும், அந்தக் கிருமி கல்ச்சரில் மெதுவாகத்தான் வளரும். சர்க்கரை நோயாளிகளிடம் கல்லீரல், மண்ணீரலில் கட்டும் சீழைத் தேட ஒரு ஸ்கேன் சீக்கிரமே எடுத்துவிடுவது நல்லது.

பழங்குடி மக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் சிக்கிள் செல் என்ற பரம்பரைக் குறைபாடு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே இங்கேதான். 1952ல் லேமன், கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அதைக் கண்டார்கள். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பல ஆண்டுகளாக இந்த நோயாளிகளைக் கண்டுபிடித்துத் தொடர்ந்து பார்த்துவருகிறது. சிக்கிள் செல் நோய் உள்ளவர்களுக்கு மண்ணீரல் சரியாக வேலை செய்யாது; சாதாரணத் தொற்றுகூட ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகும். எலும்பில் தொற்று ஏற்பட்டு வாரக்கணக்கில் காய்ச்சல் இழுப்பதும் உண்டு. அவர்கள் மூன்று வாரம் என்ன, மூன்று நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. 101 டிகிரி என்றால் அன்றைக்கே மருத்துவமனை.

தொற்று இல்லை என்றால்

எல்லாக் காய்ச்சலுக்கும் பின்னால் கிருமி இருக்காது. லூபஸ் போன்ற தன்னுடல் தாக்கு நோய்கள், மூட்டுவலியும் வந்து போகும் தடிப்புமாக வரும் ஸ்டில் நோய், லிம்போமா என்ற நெறிகட்டிப் புற்று, சிறுநீரகப் புற்று ஆகியவையும் காய்ச்சலாக வரும். ஸ்டில் நோயில், ரத்தத்தில் உள்ள ஃபெரிட்டின் என்ற புரதத்தின் அளவு மிக அதிகமாக ஏறும். அது ஒரு துப்பு. லிம்போமாவுக்கு நெறிகட்டியை எடுத்துச் சோதிப்பதே வழி. நாம் சாப்பிடும் மருந்தே காய்ச்சலை உண்டாக்குவதும் உண்டு. வலிப்பு மாத்திரை, சல்ஃபா மருந்து, சில ஆன்டிபயாடிக்குகள் இதில் சேரும். மருத்துவர் சொல்லி நிறுத்தினால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் போய்விடும்.

இங்கேதான் ஸ்டீராய்டு ஊசியின் ஆபத்து. போட்ட அன்றே காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், 'கைராசி டாக்டர்' என்று பெயர் வரும். உள்ளே காசநோய் இருந்தால் பரவும், லிம்போமா இருந்தால் சுருங்கி மறைந்து பிறகு எடுக்கும் சோதனையையும் பொய்யாக்கும். காரணம் உறுதியாகும் முன் ஸ்டீராய்டு வேண்டாம் என்று சொல்லும் தைரியம் நோயாளியின் குடும்பத்துக்கு வர வேண்டும். ஐம்பது வயது தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலியோடு பார்வை மங்கினால் மட்டும் மருத்துவர் உடனே ஸ்டீராய்டு தொடங்க நேரலாம்; பார்வையைக் காப்பாற்ற அது தேவை.

பரிசோதனைகளுக்கும் ஒரு வரிசை உண்டு. ரத்த அணுக்கள், ஈஎஸ்ஆர், கல்லீரல், சிறுநீரகம், சிறுநீர், கல்ச்சர், எச்ஐவி, எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் ஆகியவற்றில் தொடங்கி, கிடைக்கும் துப்பைப் பிடித்துக்கொண்டு சிடி, மஜ்ஜைப் பரிசோதனை, திசுப் பரிசோதனை என்று போக வேண்டும். உடம்பு முழுவதையும் பார்க்கும் பெட் சிடி ஸ்கேன் கடைசியில் வருவது. எடுத்தவுடன் அதற்குப் பணம் கட்டச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். 2025ல் திறந்த ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்த பிறகு, முதல் கட்டப் பரிசோதனைகளுக்காகவே மலையிறங்க வேண்டிய நிலை குறைந்திருக்கிறது. எங்கே போனாலும் ஒரே கோப்பில் எல்லா ரிப்போர்ட்டும், மருந்துச் சீட்டும், வெப்பநிலை நோட்டும் இருக்க வேண்டும். நாட்டு மருந்தும் கசாயமும் சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கும்போது நாலு கம்பளியைப் போட்டு மூட வேண்டாம். நடுக்கம் இருக்கும்வரை போர்த்திக்கொண்டு, சூடு ஏறியதும் எடுத்துவிடலாம். கஞ்சியோடு நிறுத்தாமல் முட்டை, பருப்பு, கீரை எல்லாம் சாப்பிட வேண்டும். பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஆறு மணி நேர இடைவெளியில் போதும். கல்லீரல் நோய் உள்ளவர்களும் மது குடிப்பவர்களும் அளவைக் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

மூச்சு வாங்குவது, பிதற்றல், கழுத்து விறைப்பு, வலிப்பு, மஞ்சள் காமாலை, எங்காவது ரத்தக் கசிவு, சிறுநீர் குறைந்துபோவது, எழுந்தால் மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருப்பது மலையில் ஆபத்து. மழைக்காலத்தில் மண் சரிந்தால் மலைப்பாதை எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. உள்ளடங்கிய எஸ்டேட்டில் இருப்பவர்கள், காய்ச்சல் இரண்டாம் வாரத்தைத் தொடும்போதே நகரத்தில் உறவினர் வீட்டுக்கு வந்துவிடுவது நல்லது.

இவ்வளவு தேடியும் சிலருக்குக் காரணம் கிடைக்காமலே போகும். உடல்நிலை நன்றாக இருக்கும் பட்சத்தில், அப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்குக் காய்ச்சல் தானாகவே அடங்குகிறது. 'ஒன்றும் இல்லை' என்று மருத்துவர் சொன்னதாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே மருத்துவரிடம் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய், புதிதாக நெறிகட்டி, தடிப்பு, மூட்டு வீக்கம், இதயத்தில் புதிய சத்தம் ஏதாவது வந்திருக்கிறதா என்று தலை முதல் கால் வரை மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் இல்லாத கட்டி ஆறாம் வாரத்தில் கைக்குத் தட்டுப்படலாம். காய்ச்சல் நின்ற பிறகும் சில மாதம் எடையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். எடை குறையத் தொடங்கினாலோ காய்ச்சல் திரும்பினாலோ, பழைய கோப்போடு அதே மருத்துவரிடம் போங்கள்.